சிரட்டையில் காயவைத்த பற்றரி

நீ ஞாயிற்றுக்கிழமை வான் பிடித்துக்கொண்டு வந்து என்னைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். இன்று செவ்வாய். நாளைக் காலை இதைத் தபாலில் போட்டால் வெள்ளிக்குள் வவுனியாவுக்கு வந்துவிடும். நீ வெளிக்கிடுவதற்கு முதல் இது உன் கையில் இருக்கவேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். மூன்று தடவை முயன்று பார்த்தேன். நீ "ஓம் அப்பா, சொல்லுங்கோ" என்பாய். அந்தக் கரகரத்த குரல் காதில் விழுந்ததும் நான் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் கதைத்துவிட்டு வைத்துவிடுவேன். நான் சொல்லவேண்டியது அந்தக் குரலைப் பற்றித்தான். அதைக் கேட்டுக்கொண்டே சொல்லுகிற பலம் என்னிடம் இல்லை. எழுத ஏலும் என்று நினைக்கிறேன். களைப்பாக இருக்கிறது, மகன். இருபத்துமூன்று வருடமாக ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு திரிந்த களைப்பு இது. வயதின் களைப்பு இதற்குப் பிறகுதான்.

போன மாதம், நீ வாங்கித் தந்த, இரத்தத்தில் சீனி பார்க்கும் மெசினின் திரையில் பற்றரிப் படம் விட்டுவிட்டு மின்னத் தொடங்கியது. உன்னிடம் சொன்னபோது, அஞ்சு நிமிச வேலை, கடையில் அதே இலக்கம் கேட்டு வாங்கி மாற்றுங்கோ என்றாய். அந்த ஐந்து நிமிட வேலைக்கு எனக்கு ஒன்பது நாள் எடுத்தது. ஒன்பது நாளும் நான் சீனி பார்க்கவில்லை. கடைசியில் கிளிநொச்சிக்குப் போய் ஒன்று வாங்கினேன். தடித்த பிளாஸ்ரிக் உறைக்குள் தனியே ஒட்டி வைத்திருந்தார்கள். கையால் கிழிக்க முடியவில்லை. கத்தரிக்கோல் எடுத்து வந்து வெட்டும்போதுதான் உறையின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு சின்னப் பிள்ளையின் படம் போட்டு, அதன் மேல் குறுக்கே ஒரு கோடு கீறியிருந்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். அப்படி ஒரு படம் எங்கள் காலத்தில் இல்லை. இருந்திருந்தாலும் நான் பார்த்திருப்பேனா என்று தெரியாது.

உனக்கு அப்போது பதினான்கு மாதம். சண்டை ஓய்ந்து வன்னிக்குப் பாதை திறந்த முதல் வருடம். சனம் எல்லாம் திரும்பி வந்து காணி துப்புரவாக்கிக்கொண்டிருந்தது. நாங்களும் தருமபுரத்துக்கு வந்து, எரிந்துபோன சுவருக்குத் தகரம் போட்டு, புதிதாகக் குசினி ஒன்று கட்டியிருந்தோம். எனக்கு முப்பத்தைந்து வயதிலேயே சீனி வருத்தம் வந்துவிட்டது. கனடாவிலிருந்து வந்த உன் பெரியப்பா ஒரு மெசினும் மேலதிகமாக ஒரு பற்றரியும் தந்துவிட்டுப் போனார். ஒரு ரூபாய்க் குற்றியைவிடச் சற்றுச் சிறிதாக, வெள்ளியாய் மினுங்கும் பற்றரி. அதற்கு முன் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. பத்து மாதம் போல் வேலை செய்த பிறகு ஒரு காலை மெசின் நின்றுவிட்டது. பின்பக்க மூடியைத் தள்ளி, பழையதை நெம்பி எடுத்து, புதியதைப் போட்டேன். மெசின் உயிர்த்தது. பழையதை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

இந்தக் காலத்துப் பிள்ளைக்கு அது ஒரு கேள்வியே இல்லை, எறிந்துவிடுவாய். நாங்கள் எறியப் பழகாதவர்கள். தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றரி வர விடமாட்டார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில்தான் செய்தி கேட்டோம். யாரிடமாவது ரோச் பற்றரி இருந்தால் அது செத்த பிறகும் செத்ததாக நாங்கள் ஒத்துக்கொள்ளமாட்டோம். பல்லால் கடித்துப் பார்ப்போம், வெயிலில் காயவைப்போம். காய்ந்தால் இன்னும் அரை மணித்தியாலம் வெளிச்சம் தரும். அதுவும் முடிந்தால் உடைத்துக் கரியை எடுத்துப் பள்ளிக்கூடக் கரும்பலகைக்குப் பூசுவோம். அந்தக் கை அப்படியே பழகிவிட்டது. தடை நீங்கியும் கை மாறவில்லை. நான் அந்தப் பற்றரியை ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் போட்டு, குசினி வாசல்படியில் வெயில் விழும் இடத்தில் வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டேன். உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

பின்னேரம் வந்தபோது சிரட்டை கவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. படிக்குக் கீழே பார்த்தேன், வாழையடியில் பார்த்தேன். மினுங்குகிற சாமான், காகம் தூக்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ அம்மாவின் இடுப்பில் இருந்தாய். வாயிலிருந்து வீணீர் வடிந்தபடி இருந்தது. பால் குடிக்கவில்லை, பல்லு முளைக்கப்போகுது போல என்று அம்மா சொன்னாள். நான் உன்னைப் பார்த்தேன், சிரட்டையைப் பார்த்தேன். ஒரு கணம் எனக்குத் தெரிந்தது, மகன். அந்தக் கணத்தை நான் மறைக்கப் போவதில்லை. தெரிந்தது, பிறகு அதைத் தெரியாததாக்கிக்கொண்டேன். தெரிந்ததாக வைத்துக்கொண்டால் அதை அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிவரும்.

அடுத்த நாள் உனக்குக் காய்ச்சல். மருந்தகத்துக்குக் கொண்டு போனோம். அங்கிருந்தவர் நல்ல மனுசன். உன் நாக்கை அழுத்தித் தொண்டைக்குள் ரோச் அடித்துப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை ஏதும் விழுங்கினதோ?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், "இல்லை."

அந்த ஒரு சொல்தான். படியில் வைத்தது கவலையீனம். அதை யாரும் மன்னிக்கலாம், நானே என்னை மன்னித்திருப்பேன். இந்தச் சொல் அப்படியானதல்ல. அவர் கேட்டது சரியான கேள்வி. கேட்ட நேரமும் பிந்திய நேரமல்ல. நான் இல்லை என்றபடியால் அவர் தொண்டை அழற்சிக்குப் பாணி மருந்து தந்து அனுப்பினார். இன்னும் ஒரு முழு நாள் அது உன் கழுத்துக்குள் இருந்து எரித்தது. மெசினை ஓட்டப் பலமில்லாத பற்றரிக்குச் சதையை எரிக்கப் பலம் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் வீணீரோடு இரத்தம் வந்தது. கிளிநொச்சிக்கு ஓடினோம். டொக்ரர் எக்ஸ்றேப் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கழுத்தின் அடியில் வட்டமாக ஒன்று. முதலில் காசு என்றார். பிறகு ஓரத்தைக் கிட்டப் பார்த்துவிட்டு, வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் தெரிகிறது, இது காசில்லை, பற்றரி என்றார். வீட்டில் என்ன சாமானில் இப்படிப் பற்றரி இருக்கிறது என்று கேட்டார். அம்மா கையை விரித்தாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. என் மெசினுக்குள் என்ன இருக்கிறது என்று அவள் ஒருநாளும் திறந்து பார்த்தவள் அல்ல. நான் இரண்டாவது பொய்யைச் சொன்னேன்.

"வளவுக்க கிடந்து எடுத்திருப்பான் டொக்ரர். எங்கட காணி முழுக்க எரிஞ்ச சாமான்தான்."

யாரும் சந்தேகப்படவில்லை. எப்படிப் படுவார்கள்? அந்த வருடம் எல்லாருடைய காணியும் அப்படித்தான் கிடந்தது. அம்புலன்சில் உன்னை யாழ்ப்பாணத்துக்கு ஏற்றினார்கள். ஆனையிறவு தாண்டும்போது அம்மா உன்னை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "நான்தானே பாத்துக்கொண்டு நிண்டனான், நான்தானே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன். கண்ணாடிக்கு வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அங்கே அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் சாப்பாடு இறங்கும் குழாய் வெந்திருந்தது. குரலுக்குப் போகிற நரம்பு ஒன்றும் வெந்திருந்தது. புண் ஆறும்போது குழாய் சுருங்கிவிட்டது. அதை விரிக்க எத்தனை தடவை உன்னை மயக்கி உள்ளே குழாய் விட்டார்கள் என்று அம்மாவுக்குத்தான் கணக்குத் தெரியும். ஐந்து வயது வரைக்கும் உனக்குச் சோறு கிடையாது. எல்லாவற்றையும் மசித்து, வடித்து, கரண்டியால் தந்தாள். உன் குரல் திரும்பி வரவேயில்லை. இப்போது உனக்கு இருக்கிற குரல் அதற்குப் பிறகு வந்தது.

திரும்பி வந்ததும் அம்மா செய்த முதல் வேலை வளவைக் கூட்டியது. காலையில் ஒருதரம், பின்னேரம் ஒருதரம். கூட்டுவதோடு நிற்கவில்லை. குசினிக்குப் பக்கத்து மண்ணை அரிதட்டில் போட்டு அரித்தாள். துவக்குச் சன்னக் கோதுகள் வந்தன, வளைந்த கரண்டி வந்தது, சட்டைப் பொத்தான் ஒன்று வந்தது. வட்டமாக எது வந்தாலும் அதை உள்ளங்கையில் வைத்துக் கனநேரம் பார்ப்பாள். "இது போல ஒண்டைத்தான் நான் காணாமல் விட்டனான்" என்பாள். நாங்கள் அடுத்த தடவை இடம்பெயரும்வரை, ஐந்து வருடத்துக்கு மேல், அந்த மண்ணை அவள் அரித்தாள். அதில் அப்படி ஒன்றும் இருந்ததில்லை என்று தெரிந்த ஒரே மனிதன் நான். நான் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தேன்.

உனக்கு ஆறேழு வயதில் அந்தக் கடைசி இடம்பெயர்வு. அதில் ஒரு நாளைப் பற்றி நீ ஒருதரம் கேட்டாய், நான் கதையை மாற்றிவிட்டேன். விசுவமடு தாண்டி றோட்டில் சனம் நெருக்கியடித்துப் போய்க்கொண்டிருந்தது. ரக்ரர்கள், மாடுகள், சைக்கிள்கள். ஒரு கட்டத்தில் உன் கை அம்மாவின் கையிலிருந்து நழுவிவிட்டது. அரை நாள் தேடினோம். மலையகத்திலிருந்து வந்து எங்கள் பகுதியில் குடியிருந்த ஒரு குடும்பம் உன்னைத் தங்கள் ரக்ரர் பெட்டியில் ஏற்றி வைத்திருந்தது. அந்தத் தாய் சொன்னாள், நாங்கள் அவர்களைத் தாண்டி இரண்டு தரம் போனோமாம். நீ எங்களைக் கண்டு கூப்பிட்டாயாம். "பெடியன் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தான், உங்களுக்குத்தான் கேக்கல" என்றாள். மற்றப் பிள்ளையாக இருந்தால் கேட்டிருக்கும். அம்மா உன்னைக் கட்டிப் பிடித்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கே அவளிடம் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தேன். அங்கே செல் விழுந்து வெடித்துக்கொண்டிருந்தது. பிறகு முகாம், பிறகு மீள்குடியேற்றம், பிறகு உன் படிப்பு. சொல்லாமலிருக்க ஒவ்வொரு காலமும் எனக்கு ஒரு நல்ல காரணத்தைக் கொண்டுவந்து தந்தது.

பொய் எவ்வளவு இலேசாக நின்றது என்று உனக்குச் சொல்லவேண்டும். உன் கலியாண வீட்டில், நீ ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு, பெண் வீட்டார் மெதுவாக என்னிடம் விசாரித்தார்கள். "சண்டைக் காலத்தில நடந்தது" என்றேன். அவ்வளவுதான். தலையை ஆட்டிவிட்டு அடுத்த பந்திக்கு ஆளை இருத்தப் போய்விட்டார்கள். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பிறகு யாரும் ஒன்றும் கேட்பதில்லை. எத்தனையோ பேருக்கு உண்மையாகவே நடந்த ஒன்றுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். அதை நினைத்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. நீ வாத்தியாராக வர ஆசைப்பட்டாய். நேர்முகப் பரீட்சைக்குப் போய் வந்து, வகுப்பின் கடைசி வாங்குக்கு என் குரல் போகாதாம் என்று சிரித்துக்கொண்டு சொன்னாய். அம்மா எழும்பிக் குசினிக்குள் போனாள். நான் அன்றைக்கும் இருந்த இடத்தில் இருந்தேன்.

அம்மாவின் செத்த வீட்டில் நெடுங்கேணிப் பெரியம்மா ஒப்பாரியில் ஒரு வரி சொன்னாள், உனக்கு நினைவிருக்கும். ஒரு நாள் கண் தப்பவிட்டதற்கு ஆயுள் முழுக்கத் தண்டனை இருந்தாயே தங்கச்சி என்று. சொந்த அக்காவே அதை நம்பிக்கொண்டுதான் அழுதாள். அந்த வரி இரண்டு வருடமாக என் காதில் இருக்கிறது.

புதிய பற்றரியைப் போட்ட அன்று பழையது மறுபடியும் என் உள்ளங்கையில் கிடந்தது. இந்தத் தடவை இரண்டு பக்கமும் செலோரேப் ஒட்டினேன். ஒட்டினால் அது எதையும் சுடாது, வேறு பற்றரியோடு முட்டிப் பொறி பறக்காது என்று ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒரு தாதிப் பிள்ளை சொல்லித் தந்தது. மூடி திருகுகிற போத்தலில் போட்டு அலுமாரியின் மேல் தட்டில் வைத்தேன். பிறகு அதைக் கொடுக்க இடம் தேடி அலைந்தேன். வாங்கின கடையில் கேட்டால் குப்பையில் போடுங்கோ ஐயா என்றார்கள். குப்பை ஏற்ற வந்தவரிடம் கேட்டேன், எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள் என்று. பள்ளத்தில் கொட்டி எரிப்போம் என்றார். எரித்தால் வெடிக்கும், புதைத்தால் உள்ளே இருக்கிறது கிணற்றுத் தண்ணீருக்குப் போகும், அந்தப் பள்ளத்தில் பிள்ளைகள் இரும்பு பொறுக்குகிறார்கள் என்று நான் சொல்ல, அவர் என்னைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தார். கடைசியில் ரவுணில் போன் திருத்துகிற ஒருவர், பழைய போன் பற்றரிகளைச் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்புகிற பெட்டி ஒன்று வைத்திருந்தார். மூன்றாம் தரம் பஸ் ஏறிப் போய் அந்தப் பெட்டிக்குள் போட்டேன். இந்த ஒரு சின்னச் சாமானுக்கா இவ்வளவு தூரம் வந்தனீங்கள் என்று கேட்டார். ஓம் என்றேன்.

அங்கிருந்து வீட்டுக்கு வரவில்லை. நெடுங்கேணிக்குப் போனேன். உனக்கு எழுதுவதற்கு முதல் பெரியம்மாவிடம் சொல்லவேண்டும் என்று பட்டது. அவளுடைய தங்கச்சியின் பேரில்தான் இவ்வளவு காலமும் பழி கிடந்தது. அவள் முற்றத்தில் உழுந்து காயப்போட்டுக்கொண்டு இருந்தாள். நான் கதிரையில் இருந்து, சிரட்டையிலிருந்து எக்ஸ்றே வரைக்கும் சொன்னேன். அவள் உழுந்தைப் பரவிக்கொண்டேயிருந்தாள்.

"அவள் சாகுமட்டும் பாத்துக்கொண்டிருந்தனீங்களோ?" என்று கேட்டாள்.

நான் குனிந்து காலடியில் சிந்திக் கிடந்த உழுந்தைப் பொறுக்கினேன்.

"நான் அவளைப் பேசியிருக்கிறன். பிள்ளையை வடிவாப் பாக்கத் தெரியாதவள் எண்டு முகத்துக்கு நேர பேசியிருக்கிறன். அவள் ஓம் அக்கா எண்டு கேட்டுக்கொண்டு நிண்டவள்."

பிறகு எழும்பி உள்ளே போனாள். திரும்பி வருவாள் என்று இருந்தேன், வரவில்லை. கடைசிப் பஸ்ஸுக்கு நேரமானபோது நான் படலையடிக்குப் போக, யன்னலுக்குள்ளிருந்து அவளுடைய குரல் கேட்டது. "பெடியனுக்கு நீங்கதான் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்." அதுதான் அவள் எனக்குத் தந்த தண்டனை. சரியான தண்டனை.

இப்போது உன் வீட்டில் ஒன்பது மாதப் பிள்ளை தவழுகிறது. நான் அந்த வீட்டுக்குள் என் மெசினோடு வரப்போகிறேன். வருகிறது யார் என்று தெரிந்துகொண்டு நீ கதவைத் திறக்கவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். மருமகளும் இதை வாசிக்கட்டும். அவளுக்குத் தெரியாமல் வைக்காதே. அந்தப் பிழையை நான் செய்து முடித்துவிட்டேன். நான் வந்தாலும் வராவிட்டாலும் வீட்டில் ஒருதரம் தேடிப் பார். காற்றாடியின் றிமோட்டில், காய்ச்சல் பார்க்கிற குழாயில், குசினித் தராசில், திருவிழாவில் வாங்குகிற விளக்கு மின்னும் விளையாட்டுச் சாமானில், எல்லாவற்றிலும் இப்படிக் குற்றிப் பற்றரி இருக்கும். மூடி ஆணி போட்டு இறுக்காத சாமானைப் பிள்ளை இருக்கிற வீட்டில் வைக்காதே. மாற்றும்போது பழையது கையில் வந்த உடனே இரண்டு பக்கமும் ஒட்டு. பிறகு பார்ப்போம் என்று எங்கும் வைக்காதே. எப்போதாவது ஒன்று காணாமல் போய், பிள்ளைக்கு வீணீர் வடிந்தால், காகம் தூக்கியிருக்கும் என்று நினைக்காதே. வாந்தி எடுக்க வைக்காதே, சாப்பாடு கொடுக்காதே, நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பற்றரி விழுங்கியிருக்கலாம் என்று முதல் வசனமாகச் சொல். பிழையாகப் போனால் வெட்கம்தான், வேறொன்றும் இல்லை.

ஞாயிறு உன் இஷ்டம். வான் வந்தால் ஏறுவேன். வராவிட்டால் கோபிக்கமாட்டேன், சமைக்கத் தெரியும், ஊசி போடத் தெரியும். உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் தரவேண்டிய பாரத்தையும் உன் தலையில் ஏற்றினதாகிவிடும். ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் தொண்டைக்கு என்ன நடந்தது என்று இனி யார் கேட்டாலும், ஆஸ்பத்திரியில் எழுதுகிறவர்கள் கேட்டாலும், நாளைக்கு உன் மகளே கேட்டாலும், சண்டை என்று சொல்லாதே. அம்மா பார்க்காமல் விட்டவ என்று ஒருக்காலும் சொல்லாதே. அப்பா என்று சொல்.